தண்ணீர் ஊற்றாத புத்தகம்

பெங்களூரில் மழைக்காலத்தில் மைதாப் பசை சீக்கிரம் காயாது. ஒட்டிய புத்தகத்தின் மேல் செங்கல் வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் முதுகு கோணிக்கொள்ளும். பி.ஏ. பாடத்தில் இதெல்லாம் இல்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பள்ளி நூலகர் என்றால் அலமாரிச் சாவி வைத்திருப்பவன் என்று நினைக்கிறார்கள். அல்சூரில் எங்கள் பள்ளி ஆசிரியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று பார்ப்பது ஒரு வேலை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவன் யார், படுத்துப் படித்து அப்படியே தூங்கிப்போகிறவள் யார் என்று திரும்பி வரும் புத்தகத்தைப் பார்த்தாலே தெரியும். யாராவது ஒன்றைக் கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்று மூலம் தேடி எடுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. எனக்கு இரண்டும் வந்தன.

நீங்கள் கேட்கும் புத்தகம் கடையில் வாங்கியது அல்ல. யாரோ ஒருவர் வாரப் பத்திரிகைக் கட்டு ஒன்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அதில் வந்த தொடர்கதையை வாரம் வாரமாகப் பிரித்தெடுத்து, தைத்து, அட்டை போட்டு நானே பைண்டு செய்தேன். அதனால் வேறு பிரதி கிடையாது. பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

என் மனைவி யசோதாவுக்கும் அது வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் அந்தத் தொடரைப் பாதி படித்திருக்கிறாள். பிறகு வீட்டில் பத்திரிகை வாங்குவது நின்றுவிட்டது.

"ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுக்கறீங்க. வூட்ல ஒருத்தி அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்தாளா இல்லியான்னு மூணு வருசமா ஏங்கினு கீறேன். பேரு மட்டும் லைப்ரேரியன்."

"வுழல," என்றேன்.

"ஐயே, சொல்லாதீங்கன்னா! நானே படிக்கணும்."

அவளுக்கு ஆறாம் மாதம். பெரும்பாலும் படுத்தேதான் இருந்தாள்.

அப்போது புத்தகம் அசோகன் என்ற பையனிடம் இருந்தது. பல நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது முகத்தில் புதுத் தழும்பு. புத்தகத்தை மேசையில் வைத்தான்.

"எங்க வூட்ல அம்மா வெளையாடிட்டுப் போச்சு சார். தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. மூணு தண்ணியும் ஆச்சு."

அம்மை கண்ட வீட்டிலிருந்து புத்தகம் திரும்பி வாங்கக் கூடாது. வந்தால் எரித்துவிட வேண்டும். அந்த விதியைக் கதவில் எழுதி ஒட்டியவன் நான்தான். ஆனால் தலைக்கு ஊற்றியாகிவிட்டது என்றால் எங்கள் ஆட்களுக்கு எல்லாம் முடிந்ததாக அர்த்தம். எனக்கும் அப்படித்தான் கேட்டது. புத்தகத்தை மத்தியானம் வெயிலில் வைத்தேன். அட்டையைத் துடைத்தேன். சாயங்காலம் மர்பி டவுனுக்கு, வீட்டுக்கு எடுத்துப் போனேன். பையனுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். புத்தகத்துக்கு யாரும் ஊற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து யசோதாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு பெரியம்மை. முத்து சரியாக எழும்பவில்லை, தோல் கறுத்து உரிந்தது. தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு அங்கேயே போய்விட்டாள். சின்ன வயதில் குத்திய அம்மைப்பாலின் பலன் போயிருக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் இப்படித்தான் என்றார் டாக்டர். எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன்.

"எப்படிய்யா சொல்றது? துணியில வரும், பஸ்ஸுல வரும், பேசினா வரும். யாராச்சும் வெளியூர்லேர்ந்து வந்தாங்களா?"

அவள் தம்பி அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வந்து போயிருந்தான். சொன்னேன்.

"அதுவா இருக்கலாம்."

"புத்தகத்தில் வருமா சார்?"

"அதுலயும் வரலாம். போய்யா, போய் ஆளுங்களைக் கூட்டினு வா."

முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து பாய், தலையணை, புடவை எல்லாவற்றையும் சந்தில் போட்டு எரித்தார்கள். புத்தகத்தையும் ஒருவன் எடுத்தான். பள்ளிச் சொத்து என்று வாங்கிக்கொண்டேன். அதைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்தேன். பிறகு வெயிலில் வைக்கவில்லை.

பிரித்துப் பார்த்தேன். தையல் மடிப்பில், பக்கங்களுக்கு நடுவே, தவிடு மாதிரி காய்ந்த பொருக்கு இருந்தது. அது அசோகனுடையதா, யசோதாவுடையதா என்று சொல்ல முடியவில்லை. அவளுடையது என்றால் புத்தகத்தின் மேல் குற்றமில்லை. அவள் தம்பி, பஸ், யாரோ ஒரு பிரயாணி. அவனுடையது என்றால் நான் கையில் எடுத்துப் போய் அவள் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

தூக்கம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அக்கம்பக்கத்தார் என் அமைதியைப் பாராட்டினார்கள். இது எங்கிருந்து வந்தது என்ற ஒரே கேள்விதான் எனக்குள் இருந்தது. அந்த மாதிரிக் கேள்விக்கு விடை தேடுவது என் தொழில். பார்க்க வேண்டிய மூலம் ஒன்றே ஒன்று. அது டின்னில் இருந்தது.

முதலில் இரண்டு பையன்களுக்குக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். பிறகுதான் உறைத்தது. இருவருக்கும் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. களைப்பில் செய்த தவறு. அதில் எதுவும் தெரியாது.

மேல் தட்டுப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் எக்கிக் கை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறும். தழும்பு தெரியும். அதற்குப் பிறகு நல்ல புத்தகங்களை மேல் தட்டில் வைத்தேன்.

ரோஸிக்குத் தழும்பு இல்லை. தங்கவயலிலிருந்து புதிதாக வந்து, ஜோகுபாளையத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தாள். எந்தப் புத்தகத்தையும் இரண்டு முறை படிப்பாள்.

"மரமண்ட சார் இவ. ஒரு வாட்டி படிச்சா ஏறாது," என்றாள் கூட வந்த பெண்.

"நீ ஒரு வாட்டி கூடப் படிக்கறதில்லடி. படம் பாத்துட்டுக் குடுத்துடற," என்றாள் ரோஸி.

பள்ளிக்கு அம்மை குத்த முனிராஜ் வந்த அன்று அவள் நூலகத்துக்கு ஓடி வந்தாள்.

"சார், இங்க ஒளிஞ்சிக்கட்டா? எங்க அக்காளுக்குக் குத்தி கை இம்மாம் பெருசா வீங்கிச்சு சார். சீழ் வெச்சுது."

பின் அலமாரிக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன். முனிராஜ் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். "இங்க பசங்க யாராவது கீறாங்களா சார்?" யாரும் இல்லை என்றேன். அவர் விசாரணையில் உங்களிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அப்போது நான் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. குழந்தை பயந்திருந்தாள். அவ்வளவுதான்.

அவர் போனதும் அவள் வெளியே வந்தாள். நன்றி சொல்லத் தெரியாமல், சிதறிக் கிடந்த புத்தகங்களை அடுக்கி வைத்தாள். நான் மேசைக்கடியிலிருந்து டின்னை எடுத்து மூடியைத் திறந்தேன்.

"இது அந்தத் தொடர்கதையா சார்? வரிசையில என் பேரு பின்னால இல்ல?"

"பரவாயில்லை. மெதுவாகப் படி. இரண்டு முறை படி."

அவள் நல்ல வாசகி. அந்தப் புத்தகத்துக்கு அவளைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்க்கவில்லை.

நான் காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் அவள் பெஞ்சைப் பார்த்தேன். அவள் வந்திருந்தால் மனதில் பாரம் கொஞ்சம் குறையும். என்னை நம்புங்கள், அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். அவள் நன்றாக இருந்தால் நான் யசோதாவுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று ஆகும்.

ஒரு திங்கட்கிழமை பெஞ்சு காலியாக இருந்தது.

மழை விட்ட பிறகு அவள் மாமன் பாக்கியராஜ் வந்தார். மில்லில் வேலை. செருப்பை வாசலில் விட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு படிக்குக் கீழேயே நின்றார்.

"சார், உள்ள வர மாட்டேன். அம்மை கண்ட வூடு. பாப்பா போயிடுச்சு சார்." பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டார். "கடைசி வரிக்கும் இந்த புக்கைத்தான் தலகாணிக்கடியில வெச்சினு இருந்துச்சு. சாருக்குத் திருப்பிக் குடுக்கணும், சாருக்குத் திருப்பிக் குடுக்கணும்னு ஒரே பொலம்பல். கதவுல எழுதிக்கிதே, வாங்கக் கூடாதுன்னு. எரிச்சிடட்டா சார்? வெலையைச் சம்பளத்துல கட்டிடறேன்."

"வேண்டாம். கொடுங்கள்."

"உங்களுக்கு எதுனா ஆயிடப் போவுது சார். ஏற்கெனவே வூட்டுக்காரம்மா வேற..."

"எனக்கு ஆகாது. நான் கல்லூரியில் குத்திக்கொண்டவன்."

அவர் கும்பிட்டார். திரும்பப் போனவர் நின்று, யாரிடமோ முறையிடுவது போலச் சொன்னார்: "எங்க தப்புதான் சார். பக்கத்து வூட்டுலயும் எதுத்த வூட்டுலயும் முன்னாலயே வேப்பிலை கட்டியிருந்தாங்க. பாப்பாவை அப்பவே ஊருக்கு அனுப்பியிருக்கணும்."

அன்று முதல்முறையாக எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. அந்தத் தெருவில் முன்பே அம்மை இருந்திருக்கிறது. ரோஸி அந்த வீடுகளுக்குப் போய் வந்திருப்பாள். அப்படியானால் அவளுக்குப் புத்தகத்தால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாசகியைப் பார்த்தவன் தெருவைப் பார்க்கவில்லை.

ஆகவே, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தெரிந்தே கொடுத்தேன். அந்தப் பெண் குத்திக்கொள்ளாதவள் என்று தெரியும். பக்கங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று தெரியும். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இப்போது புத்தகம் எங்கே என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். என் அறையில் தேட வேண்டாம். அது வெளியே போயிருக்கிறது. இந்த முறை அம்மையே வராத தெருவாகப் பார்த்துக் கொடுத்தேன். வெளியூர் ஆட்கள் வந்து போகாத வீடு. பையனுக்குக் கையில் தழும்பு இல்லை. விலாசம் சொல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு வாரம் மட்டும் பொறுங்கள். இப்போதே போய் அவனுக்குக் குத்திவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். ரோஸி போனதும் வீணாகிவிடும்.