மக்குகிட்ட குடு

உக்காருங்க சம்பந்தி, உக்காருங்க. துண்டை உதறித் தோள்ல போட்டுட்டா ஆச்சா? வெளிய அடிக்கிற மழையைப் பாத்தீகளா? இதுல எங்க போவீக? எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த உங்க பொண்ணு கையில எங்க தம்பி பொண்டாட்டி ஒரு கட்டைத் துண்டைக் குடுத்து, "மக்கா இரு தாயி"ன்னு சொல்லிட்டான்னுதானே கோவம்? நியாயமான கோவந்தான். உங்க கீழ்நாட்டுல அது வசவு. இங்க அது வாழ்த்து. எப்பிடி வாழ்த்தாச்சுன்னு சொல்றேன், கேளுங்க. கேட்டு முடிச்சும் கோவம் தீரலைன்னா நானே குடை புடிச்சு பஸ்ஸுல ஏத்திவிடுறேன்.

நாலு தலைமொறைக்கு முந்தி, இந்த மலைக்கு ரோடும் வராத, கரண்டும் வராத காலத்துல, சாரப்பட்டின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். எந்த ஊருங்குறீக? இதே ஊருதான். அப்ப ஓட்டு வீடு கெடையாது, புல்லு வேஞ்ச கூரை. ஐப்பசி பொறந்தா கார்த்திகை முடிய மழை. மழை விட்டா மஞ்சு, மஞ்சு விட்டா மழை. கட்டுன துணி காயாது, கட்டிப்போட்ட குதிரை காயாது.

அந்த ஊருக்குக் காத்தாயின்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாளாம். உங்க பொண்ணு மாதிரியே கீழ்நாட்டுக்காரி. வெயில் ஊரு. அவ ஊர்ல கை நீட்டுன எடமெல்லாம் சுள்ளி காஞ்சு கெடக்குமாம். புருசன் பேரு சின்னாண்டி, சாது. மாமனார் பேரு வேலப்பன், அவரு சாது இல்ல. மாமியாக்காரி முன்னமே போய்ச் சேந்துட்டா. வேலப்பனுக்கு வாய்னா வாய், அப்பிடி ஒரு வாய். அவரு ஒருத்தருக்குப் பட்டப்பேரு வச்சாருன்னா அது சுடுகாடு வரைக்கும் கூடவே வருமாம். ஊரே அவருக்கு முன்னாடி பாத்துப் பாத்துத்தான் நடக்குமாம்.

மலைக்காரவுக என்ன செய்வாக? சித்திரை வெயில்லயே வெறகை வெட்டிப் பரண்ல அடுக்கிருவாக. மழைக்காலம் முடியிற வரைக்கும் பாத்துப் பாத்து எடுப்பாக. காத்தாயிக்கு இது தெரியுமா? யாராச்சும் சொன்னாத்தானே தெரியும்! அவ ஊர்ல எரிக்கிற மாதிரி எரிச்சா. புரட்டாசி முடியிறதுக்குள்ள பரண் காலி.

பரண் காலின்னு மாமனாருகிட்டச் சொல்லப் பயம். அரிவாளைத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போனா. அந்த வருசம் புரட்டாசியிலயே மூணு நாளா விடாத மழை. எதைத் தொட்டாலும் ஈரம். எதை ஒடிச்சாலும் பச்சை. நடந்தா, நடந்தா, நடந்து நடந்து பைனு மரக்காட்டுக்கு வந்துட்டா. அந்த மரத்தை வெள்ளக்காரன் கொண்டாந்து வச்சான். எலை ஊசி ஊசியா இருக்கும். அடியில புல்லு மொளைக்காது. மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிரும். அதை வெட்டி அடுப்புல வச்சா சட்டியெல்லாம் தார் பூசுன மாதிரி கரி, சோத்துல நாத்தம். அதனால ஊர்ல ஒருத்தரும் அதைத் தொடமாட்டாக. அங்க என்னைக்கோ வெட்டுன மரங்களோட அடிக்கட்டை மட்டும் மண்ணுல மக்கிக் கெடந்துச்சு.

காத்தாயி ஒரு கட்டையைக் காலால எத்துனா. மேலெல்லாம் அவல் மாதிரி உதுந்துருச்சு. உள்ள பாத்தா, செவப்பா, கெட்டியா, வைரம் பாஞ்ச நடுக்கட்டை. நல்ல கனம். சுலபமாப் பிடுங்க வந்துச்சேன்னு அவளுக்குச் சந்தோசம். தலையில வச்சுக் கொண்டாந்து, மொத்தக் கட்டையையும் அப்பிடியே அடுப்புல திணிச்சு, ஒரு குச்சியக் கிழிச்சு வச்சா.

வச்சாளா? குப்புனு கெளம்புச்சு! கூரையத் தொட்டுருச்சு தீ. கரும்பொகை ஒரு பக்கம், கண்ணெரிச்சல் ஒரு பக்கம். சின்னாண்டி ஓடியாந்து குடத்துத் தண்ணிய ஊத்தி அமத்துனான். ராத்திரிச் சோறு வேற வழியில்லாம அதுலயே வெந்துச்சு. வேலப்பன் ஒரு வாய் வச்சாரு. வச்ச வாயை அப்பிடியே வெளிய துப்புனாரு.

"என்னத்தம்மா வச்சு எரிச்ச?"

"கட்டைதான் மாமா. காட்டுல கெடந்துச்சு."

"என்ன கட்டை?"

"மக்குன கட்டை மாமா."

"மக்குன கட்டையக் கொண்டாந்து அடுப்புல வச்சியா? அட மக்கு!"

அம்புட்டுத்தான். மறுநாள் காலையில தண்ணிக்குப் போனா, "வா மக்கு". பூண்டுக் காட்டுக்குப் போனா, "ஏ மக்கு, களையக் கவனிச்சுப் புடுங்கு". கோயிலுக்குப் போனா பூசாரிகூட, "மக்கு வீட்டுத் தேங்கா இதுதானா?"ன்னு கேட்டாராம். காத்தாயின்னு அவளுக்கு ஒரு பேரு இருந்ததே ஊருக்கு மறந்துபோச்சு. அவ அழுதா. அழாம இருப்பாளா? சொந்த ஊர்ல பத்துப் பேருக்கு யோசனை சொன்ன பொண்ணு அவ.

ஆனா பாருங்க, அன்னைக்கு எல்லாரும் பொகையப் பாத்தாக, கரியப் பாத்தாக. காத்தாயி மட்டும் வேற ஒண்ணைப் பாத்தா. மூணு நாள் மழையில ஊறிக் கெடந்த கட்டை. ஒத்தக் குச்சியில எப்பிடிப் பத்துச்சு?

அந்தக் கேள்வி அவளை விடலை. மிச்சக் கட்டையில ஒரு துண்டை ஒடிச்சுத் தண்ணிக் குடத்துக்குள்ள முக்கி எடுத்து, அரிவாளை நிமித்திப் புடிச்சுச் சுரண்டுனா. தேங்காத் துருவலாட்டம் மெத்து மெத்துன்னு வந்துச்சு. நெருப்பைக் காட்டுனா. பத்திக்கிருச்சு! மரத்தோட பிசினெல்லாம் எறங்கி நடுக்கட்டையில உறைஞ்சு நிக்கிது. வெளிய இருக்குற மரம் மக்கிப் போகும், பிசின் ஏறுன மரம் மக்காது. தண்ணிக்கு அதுக்குள்ள எடமே இல்ல. இதை அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. மோந்து பாத்து, சுரண்டிப் பாத்து, கையச் சுட்டுக்கிட்டுக் கண்டுபுடிச்சா.

சமைக்க ஆகாது, பத்த வைக்க மட்டுந்தான் ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டா. வெரல் தண்டிக்குக் கீறிக் கீறிக் கட்டு கட்டுனா. ஈர வெறகுக்கு அடியில ஒரு துண்டு, அது மேல கொஞ்சம் துருவல். ஈர வெறகு முனகிக்கிட்டே எரிய ஆரம்பிச்சதும், பைனுத் துண்டு எரிஞ்சு தீந்துரும். அப்பறமா சட்டிய ஏத்துவா. நாத்தமும் இல்ல, கரியும் இல்ல. பரண் காலியா இருந்தும் அந்த வீட்டுல ஒரு நாளும் அடுப்பு அணையலை. வேலப்பன் மூக்குப் புடிக்கத் தின்னாரு. தின்னுட்டு, "மக்கு, தண்ணி கொண்டா"ம்பாரு. எப்பிடி எரியுதுன்னு ஒரு நாளும் கேக்கலை.

ஐப்பசி வந்துச்சு. வேலப்பனும் சின்னாண்டியும் குதிரையில பூண்டு ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போனாக. திரும்பி வர்ற நாள்ல மழை புடிச்சுச்சு. எப்பிடிப்பட்ட மழை? வானம் கிழிஞ்ச மழை. நேத்து வரணும், வரலை. இன்னைக்கு விடிஞ்சும் வரலை. மத்தியானம், மஞ்சு ஊரை மூடிக் கெடக்கு, குதிரை மட்டும் தனியா நொண்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னுச்சாம். முதுகுல மூட்டை இல்ல. கயிறு அறுந்து தொங்குது.

காத்தாயி குதிரை கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கத்துனா. ஊரு கூடிருச்சு.

ஊர் மன்னாடி, அதாவது ஊர்த்தலைவரு, நாலு ஆம்பளைகளைச் சேத்தாரு. கம்பளி எடுத்தாக. கயிறு எடுத்தாக. சட்டியில அடுப்புக் கங்கை அள்ளிச் சாம்பல் போட்டு மூடிக்கிட்டாக. தீப்பெட்டியை மூங்கில் குழாய்க்குள்ள போட்டு அடைச்சுக்கிட்டாக. காத்தாயி மடியில எதையோ கட்டிக்கிட்டு, இடுப்புல அரிவாளைச் செருகிக்கிட்டு முன்னாடி வந்து நின்னா.

"நீ எதுக்கு மக்கு?"

"புருசன் எனக்குத்தானே?"

மன்னாடி கயித்தோட ஒரு முனைய அவ கையில குடுத்தாரு.

ஊருக்கு ரெண்டு மைல் கீழ ஒரு பொடவு இருக்கு. பாறைக்கு அடியில பத்துப் பேரு குந்துற அளவு ஒதுக்கெடம். இப்ப வரும்போது வளைவுல பாத்திருப்பீக. அதுக்குக் கொஞ்சம் மேல பாதை சரிஞ்சு போயிருந்துச்சு. கயித்தைப் புடிச்சுக்கிட்டு, வயித்தால ஊந்து, ஒவ்வொருத்தரா எறங்குனாக. எறங்கிப் பாத்தா, பொடவுக்குள்ள அப்பனும் மகனும். குதிரை ஓடையில விழுந்ததுல சின்னாண்டியும் கூட விழுந்திருக்கான். வேலப்பன் மகனை இழுத்துக் கரை சேத்து, ராத்திரி பூராவும் மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரு வெடவெடன்னு நடுங்குறாரு. சின்னாண்டி நடுங்கலை.

மலைக்காரவுகளுக்குத் தெரியும், நடுங்குறவன் பொழைப்பான். நடுக்கம் நின்னுட்டா ஆபத்து. சரிவுல அவனைத் தூக்கிக்கிட்டு ஏறவும் முடியாது. அங்கயே, அப்பவே தீ வேணும்.

கங்குச் சட்டியத் தொறந்தாக. மழைத் தண்ணி எறங்கி, சட்டிக்குள்ள கரிக்கொழம்பு. மூங்கில் குழாயத் தொறந்தாக. தீப்பெட்டி பாதி நமுத்துப்போச்சு, தேறுனது நாலு குச்சி. பொடவுக்குள்ள கெடந்த சருகைக் கூட்டி மன்னாடி மொதக் குச்சியக் கிழிச்சாரு. சருகு பொகைஞ்சுச்சு, அணைஞ்சுச்சு. ரெண்டாங் குச்சி. பொகைஞ்சுச்சு, அணைஞ்சுச்சு. காத்தாயி, "என்கிட்ட குடுங்கய்யா"ன்னா. "சும்மா இரு மக்கு, இது வெளையாட்டா?"ன்னு மூணாங் குச்சியக் கிழிச்சாரு. மருந்து உதுந்து கீழ விழுந்துச்சு.

ஒத்தக் குச்சி. மன்னாடி அதைக் கிழிக்காம உள்ளங்கையில பொத்திக்கிட்டாரு. காத்தாயி குந்திக்கிட்டு, மடிய அவுத்து, பைனுத் துண்டைச் சுரண்டிக்கிட்டிருக்கா. சரக், சரக், சரக். செவப்பாத் துருவல் குமியுது.

அப்பத்தான் வேலப்பன் வாயத் தொறந்தாரு. ஒதடு நீலம் பூத்துருச்சு, நாக்குப் பொரளலை. அந்த மனுசன் வாய் அன்னைக்குத்தான் மொதமொதலா ஒரு நல்ல காரியத்துக்குத் தொறந்துச்சும்பாக.

"மக்குகிட்ட குடு."

"என்னய்யா சொல்ற? கடைசிக் குச்சி!"

"ஊறுன கட்டையில என் கூரையவே கொளுத்தப் பாத்தவ அவ. மக்குகிட்ட குடு."

குடுத்தாரு. காத்தாயி மழைக்கு முதுகு குடுத்து உக்காந்தா. முந்தானைய மறைப்பாப் புடிச்சா. கிழிச்சா. குச்சி ஒரு கண்ணிமைக்கிற நேரம் எரிஞ்சுச்சு, காத்து வந்து ஊதிருச்சு. போச்சுன்னு மன்னாடி தலையில கை வச்சுட்டாரு. ஆனா அந்த ஒரு இமைப்பு போதும். துருவல்ல ஒரு நீலப்பொட்டு நின்னுச்சு. பொட்டு மஞ்சளாச்சு. மஞ்சள் எந்திரிச்சு நின்னுச்சு. துருவலுக்கு மேல வெரல் தண்டித் துண்டு, அதுக்கு மேல ஈரச் சுள்ளி, அதுக்கு மேல ஈரக் கொப்பு. சீறுச்சு, முனகுச்சு, எரிஞ்சுச்சு.

கரும்பொகையில அத்தனை பேரு மூஞ்சியும் கரிச்சட்டி. ஒருத்தரும் மொகத்தைத் தொடைக்கலை. நாலு பேரும் சின்னாண்டி கைகாலைக் கம்பளியில சுத்தித் தீப்பக்கமா வச்சுக்கிட்டு உக்காந்தாக. ரொம்ப நேரம் கழிச்சு அவன் பல்லு கடகடன்னு அடிக்க ஆரம்பிச்சுச்சு. ஒடம்பு பூராவும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. புருசன் நடுங்குறதைப் பாத்து ஒரு பொம்பளை சந்தோசத்துல அழுதது அன்னைக்குத்தான். அவன் கண்ணைத் தொறந்து மொதல்ல என்ன கேட்டான் தெரியுமா?

"என்ன புள்ள, நாத்தம்?"

வேலப்பன் சொன்னாராம், "அந்த நாத்தந்தான்டா இப்ப உன் உசுரு. நல்லா மோந்துக்க."

மழை விட்டு ஊருக்கு வந்ததும் வேலப்பன் சாவடியில நின்னு சொன்னாரு, "எம் மருமகளை இனிமே எவனும் மக்குங்கக் கூடாது. வச்ச பேரை நானே எடுத்துக்கிறேன்."

காத்தாயி விடலை. "குடுத்த பேரைத் திருப்பி வாங்காதீக மாமா. அந்தப் பேரைச் சொல்லித்தானே குச்சி என் கைக்கு வந்துச்சு? எனக்கு வேணும் அது. ஒண்ணே ஒண்ணு, அந்தக் கட்டைக்கும் இனிமே அதே பேரு."

அன்னையில இருந்து எங்க ஊர்ல பைனுப் பிசின் கட்டைக்கு மக்குன்னு பேரு. அந்தப் பொடவு, மக்குப் பொடவு. மேல அண்ணாந்து பாருங்க, கரி இன்னமும் அப்பிடியே இருக்கு. அந்த வழியாப் போறவுக ஒரு மக்குத் துண்டை அங்க வச்சுட்டுப் போவாக, எவன் எப்ப நனைஞ்சு வருவானோன்னு. பள்ளிக்கூடத்துல புது வாத்தியாரு எங்க புள்ளைகளை மக்குன்னு திட்டுனா, அதுக வீட்டுல வந்து பெருமையாச் சொல்லும். வர்ற மருமக ஒவ்வொருத்தி கையிலயும் மொதல்ல மக்கு, அப்பறந்தான் வெளக்கு. வெளிய மக்கிப் போனாலும் உள்ள வைரமா இருன்னு அர்த்தம். அதைத்தான் எங்க தம்பி பொண்டாட்டி உங்க பொண்ணுகிட்டச் சொன்னா.

இப்ப சொல்லுங்க, குடை எடுக்கட்டுமா?

சிரிச்சுட்டீகளா? சிரிச்சா சரி. அங்க பாருங்க, நீங்க இங்க மல்லுக்கு நின்ன நேரத்துல உங்க பொண்ணு அரிவாளை வாங்கிச் சுரண்ட ஆரம்பிச்சுட்டா. பரவாயில்லையே, கை பழகுன மாதிரி இருக்கே! ஏ தாயி, கொஞ்சமாத் துருவல் வச்சாப் போதும், முழுக்கட்டையப் பாயசத்துக்கு அடியில வச்சுறா... ஐயோ, வச்சுட்டாளே!

சரி விடுங்க சம்பந்தி. இன்னைக்குப் பாயசத்துல நாத்தம் இருக்கும். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சுட்டுப் போங்க. எங்க வீட்டுக்கு நல்ல மக்கு வந்து சேந்துட்டா.