புறாவுக்கு அடைத்த ஓட்டை

— பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனக் கழத்தி பேப்பர்ல சுத்திக் குடுத்துருங்க இசக்கி அண்ணாச்சி. நாங்க போற அம்பர்நாத் வீட்டு பாத்ரூமுல மாட்டிக்கிடுதோம்.

— இருங்க தங்கச்சி. கழத்துறதுக்கு முன்னாடி ஒருக்கா சுவிட்ச்சப் போட்டு சாலு பண்ணுங்க.

— அது நல்லாத்தான் ஓடும். அஞ்சு மணிக்கு ஏஜெண்ட் வாரான். இந்த செம்பூர் வீட்டக் கைமாத்திட்டுப் போனாத்தான் எம்புள்ளைக்கு மூச்சு.

— ஷைனிக்கு இன்னும் இழுப்பு நிக்கலையா?

— எங்க நிக்க. பெட்ரூம் சுவரு போட்டோவப் பாத்துட்டு, ஒண்ணு ஈரத்த நிப்பாட்டுங்க, இல்ல வீட்ட மாத்துங்கன்னுட்டாரு டாக்டரு. மேல்வீட்டு ஷமீமா லீக்கேஜ நிப்பாட்டுனாத்தான ஈரம் நிக்கும். ரெண்டு தடவ டைல்ஸ மாத்திட்டேங்கா. யாரு நம்ப?

— ஏணியப் பிடிங்க. சீலிங் பலகைய எடுத்துட்டேன். டார்ச்சக் குடுங்க. ம்ம்... தங்கச்சி, ஏறி வந்து நீங்களே பாருங்க.

— என்ன, ஒழுகுதா?

— ஒழுகுனா மேல்வீட்டுக் குழாய் பக்கத்துல மட்டும்தான் நனைஞ்சிருக்கும். இது ஸ்லாப் பூரா முத்து முத்தா வேர்த்துக் கெடக்கு.

— அப்படின்னா?

— குளிக்கிற ஆவிய ஃபேன் மேல இழுத்துத் தள்ளுது. வெளிய போவ வேண்டிய குழாய் சீலிங்குக்குள்ளயே வாயத் தொறந்துட்டு நிக்கு. அம்புட்டு ஆவியும் இங்கனயே குளுந்து, தண்ணியாகி, உங்க பெட்ரூம் சுவருல எறங்குது. ஆமா, வெளிச்சுவத்துல இருந்த ஓட்டைய சிமெண்டு வச்சு அடச்சது எந்தப் புண்ணியவான்?

— நாந்தான் அண்ணாச்சி. புறா உள்ள பூந்து முட்டை போட்டுட்டு. கொத்தனாரக் கூப்புட்டு அடைக்கச் சொன்னேன். அதுதான் ஆவி போற வழின்னு யாரு கண்டா? ஃபேன் சத்தம் கேட்டுச்சு, எல்லாம் வெளிய போவுதுன்னு இருந்துட்டேன்.

— சரி விடுங்க. அடச்சதத் தொறந்து குழாய வெளிய விடுதேன். வெளிப்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு விட்டா தண்ணி திரும்பி வராது. காத்துக்குத் தொறந்து தானா மூடுற மூடி ஒண்ணு மாட்டுனா புறாவும் வராது. குளிச்ச பெறவும் ஃபேன் இருபது நிமிசம் ஓடட்டும். பூஞ்சணத்தச் சொரண்டிட்டு சுவத்தக் காயவிடுங்க.

— காஞ்சிருமா அண்ணாச்சி? நெசமாவா?

— மழைதான் முடிஞ்சு போச்சே. காயும்.

— அப்ப ஏஜெண்ட வர வேண்டாங்கேன்.

— அதுக்கு முன்னாடி இன்னொரு போனு. மூடி மாட்ட நான் வெளிய தொங்கணும். கயித்த மேல்வீட்டு கிரில்லுலதான் கட்டணும்.

— ஷமீமா கிட்டயா? போன வருசம் பில்டிங் சொசைட்டி மீட்டிங்குல அத்தனை பேரு முன்னாடி, எம்புள்ளையக் கொல்லப் பாக்கியான்னு அவளக் கேட்டவ நான். இப்ப எந்த மூஞ்சிய வச்சுட்டு கயிறு கட்டக் கேக்க?

— இருக்கிற மூஞ்சிய வச்சுத்தான். போடுங்க.

— ஹலோ. ஷமீமா, நாந்தான். கீழ்வீட்டு ஜெயசீலி.

— அக்கா? ஷைனிக்கு என்ன? ஆஸ்பத்திரி போவணுமா? ஆட்டோ பிடிக்கச் சொல்லவா?

— அவ நல்லா இருக்கா. நீ... நீ கொஞ்சம் கேளு. உன் வீட்டுலருந்து ஒரு சொட்டு ஒழுகல. எல்லாம் என் ஃபேன் காத்து, நான் அடச்ச ஓட்டை. உன்னையப் போட்டு அந்தப் பேச்சு பேசிட்டேன். மன்னிச்சிரு. ஏசணும்னா ஏசு.

— ஏசல அக்கா. மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கே எங்க பாத்ரூமப் பூட்டிட்டோம். சொன்னா நம்ப மாட்டியன்னு சொல்லல. ஒரு வருசமா நாலு பேரும் பி விங் கட்டடத்துல எங்கம்மா வீட்டுக்குப் போயிதான் குளிக்கோம். இனி தொறந்துக்கலாமா?