ஐந்தாம் ஆண்டு

ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி ஒரே பத்தியில் எழுதுவது நீங்கள் நினைக்கிற மாதிரி சுலபமான வேலை இல்லை, அனன்யா. நீங்கள் ஆங்கிலத்திலேயே கேளுங்கள். இந்த எடிசன் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் தமிழ் பேச முயல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நான் தமிழில் சொல்கிறேன். உங்களுக்குக் கேட்டால் புரியும், கம்பெனி வக்கீல்களில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொன்னார்கள்.

இந்த ஐசலின் அலுவலகத்தில் நான் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வெளிநாட்டில் வாங்கிய பட்டம் அமெரிக்காவில் எதற்குச் சமம் என்று சான்று எழுதித் தருவது எங்கள் தொழில். க்ரீன் கார்டு கொடுக்கிறவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எங்களிடம் ஒரு குறிப்பு உண்டு. எப்போது தொடங்கியது, யார் நடத்துகிறார்கள், என்ன துறைகள், எந்தப் பட்டம் எத்தனை ஆண்டு. ஐரோப்பாவுக்கான குறிப்புகள் அத்தனையும் நான் எழுதியவை. இங்கே ஃபைல் பார்க்கிற சுஹாஸ் போன்றவர்கள் அதை அப்படியே எடுத்து ஃபைலில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். படித்துப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்களுக்கு ஒன்றும் தோன்றப்போவதில்லை.

உங்கள் முன்னால் இருப்பது தவமலரின் கடிதம். ஜெர்மனியிலிருந்து எழுதியிருக்கிறாள். தான் படித்த பட்டத்துக்கு உங்கள் குறிப்பில் நான்கு ஆண்டு என்று இருக்கிறது, ஐந்து என்று இருக்க வேண்டும், ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது, இனி வருகிறவர்களுக்காகவாவது திருத்திவிடுங்கள் என்கிறாள். நீங்களும் காலையிலிருந்து அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மிஸ்டேக். நான் ஒரு கையெழுத்துப் போட்டால் கம்பெனி ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பி விஷயத்தை முடித்துவிடும் என்கிறீர்கள்.

நான் போடமாட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பட்டத்துக்கும் நான் ஆண்டைத் தவறாக எழுதியதில்லை. அது தவறு இல்லை. தெரிந்தே மாற்றினேன்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் படித்த பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெரியது. நாற்பதாயிரம் மாணவர்கள், ஐந்நூறு வருடத்துக்கு மேல் வயது, அரசாங்கத்தினுடையது. ஒரு கருத்தரங்குக்காக ஒருமுறை போயிருக்கிறேன். வாசல் என்று ஒன்று கிடையாது. டிராமை விட்டு இறங்கினால் இந்தப் பக்கம் ரொட்டிக் கடை, அந்தப் பக்கம் இயற்பியல் துறை. ஊர் முழுக்க இறைந்து கிடக்கிறது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. விரிவுரை முடிந்தால் கைதட்டுவதில்லை, மேஜையைத் தட்டுகிறார்கள். ஒரு பேராசிரியர் சைக்கிளில் வந்து இறங்கி, நனைந்த சட்டையோடு வகுப்புக்குள் போனார். நல்ல ஆராய்ச்சி நடக்கிற இடம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய இடத்துக்கு என்ன மரியாதை இருக்க முடியும்? என் மகள் விஷாகா படித்த கல்லூரியில் நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்கு இடம் கிடைக்கும். கல்லூரி என்றால் அது.

மூன்று வருடத்துக்கு முன் விஷாகா பட்டம் வாங்கியதற்காக வீட்டில் லஞ்ச் வைத்தோம். பன்னிரண்டு பேர். என் மனைவி ஹம்சா சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே பழக்கமானவள் இந்தத் தவமலர். யாழ்ப்பாணத்துக்காரி. சின்ன வயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போய், வேதியியல் படித்து, இங்கே ஒரு மருந்துக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள். அவள் கணவன் நகுலேஸ்வரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டு நான்கு வருடமாகக் காத்திருந்தான்.

சாப்பிடும்போது நான் ஐரோப்பியப் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே பல்கலைக்கழகம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி மாதிரி, காசு கிடையாது, கூட்டம் ஜாஸ்தி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

“ஓம் அண்ணை, காசில்லை. அதாலைதான் நான் படிச்சனான். அம்மாவுக்கு அங்கை பின்னேரத்திலை வகுப்பறையள் கூட்டித் துடைக்கிற வேலை. நானும் கூடப் போறனான். பிறகு அதே மண்டபத்திலை இருந்துதான் கெமிஸ்ட்ரி படிச்சனான்.”

இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. தரை துடைத்த கதையை விருந்துச் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்கிறாள், மேஜையிலிருக்கிற பெரிய பெரிய டாக்டர்களும் இன்ஜினீயர்களும் கையை நிறுத்திவிட்டு அவளையே பார்க்கிறார்கள். விஷாகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு விஷாகாவின் பட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் பேச்சை ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். “நல்ல விஷயம்மா. ஆனா இங்க கணக்குப்படி அது வெறும் பேச்சலர்ஸ் டிகிரிதான்” என்றேன்.

“இல்லை அண்ணை, அது பிழை. அஞ்சு வருசம். கடைசி வருசம் முழுக்க லாபிலை ஆராய்ச்சி. மாஸ்டர்ஸுக்குச் சமன். உங்களுக்குத் தெரியாததே?”

“நன்னா மாட்டிண்டேள்” என்று ஹம்சா சிரித்தாள். “டாட், ஷீ வென்ட் தேர்” என்றாள் விஷாகா, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

தவமலர் சொன்னது சரிதான். என் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து அவளுடைய க்ரீன் கார்டு ஃபைல் எங்களிடம் வந்தது. ‘பத்ரி அண்ணை இருக்கிற இடத்திலையே குடுங்கோ’ என்று அவளே தன் கம்பெனியில் சொல்லியிருக்கிறாள். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, டீ ஆறுவதற்குள், குறிப்பைத் திறந்து அந்தப் பட்டத்தை நான்காண்டு ஆக்கினேன். ஆராய்ச்சி செய்கிற வருடத்தைப் படிப்பாகக் கருத வேண்டியதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நிபுணர் அப்படி முடிவு செய்ய இடம் உண்டு. பிறகு சுஹாஸ் அதை எடுத்து ஒட்டி, கீழே தன் பெயரைப் போட்டான்.

அவள் வேலைக்கு மாஸ்டர்ஸ் வேண்டும். அது இல்லையென்று சொல்லிக் குடியேற்றத் துறையில் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். அது தெரிந்தபோது அவளுடைய விசாவில் நான்கு மாதம்தான் மிச்சம். முதலிலிருந்து ஆரம்பித்தால் ஒன்றரை வருடம் ஆகும். எங்கள் வீட்டுச் சமையலறையில் வந்து நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை.

“அண்ணை, வேறை ஒரு இடத்திலை குடுத்து இன்னொருக்கா எடுக்கட்டோ?”

சரியான யோசனை. வேறு எந்த நிறுவனத்தில் கொடுத்திருந்தாலும் ஒரு வாரத்தில் மாஸ்டர்ஸ் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

“வேண்டாம்மா” என்றேன். “ரெண்டு சர்டிஃபிகேட் ரெண்டு விதமா இருந்தா ஃபிராடுன்னு நெனைச்சுப்பா. அப்பறம் உன்னால இந்த நாட்டுப் பக்கமே வர முடியாது. நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு எவ்வளவு கரைச்சல் குடுக்கிறம்” என்றாள்.

நான் பார்த்துக்கொண்டேன். அவள் வக்கீல் ஆபீசுக்கும் கம்பெனிக்கும் அலைந்துகொண்டிருந்ததால், வியாழக்கிழமைகளில் நகுலேஸ்வரனை டயாலிசிஸுக்கு நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து வியாழன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இதை யாரும் சொல்லமாட்டார்கள். அவன் அதிகம் பேசாதவன். ஒருநாள் ஃப்ரீவேயில் போகும்போது சொன்னான்:

“இஞ்சை இன்னும் ஒரு வருசத்திலை கிட்னி கிடைச்சிடும் எண்டு சொல்லினம், அண்ணை. ஜெர்மனிக்குப் போனா வரிசையிலை முதல்லையிருந்து நிக்கவேணும். ஏழெட்டு வருசம் எடுக்குமாம். நான் தாங்குவனோ தெரியேல்லை. மலரிட்டைச் சொல்லாதேங்கோ.”

நான் இண்டிகேட்டர் போட்டு லேன் மாறினேன். மலரிடம் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அக்டோபரில் ஜெர்மனிக்குத் திரும்பிப் போனார்கள். நியூவார்க் ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஹம்சா வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தாள். நகுலேஸ்வரன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அங்கே பத்தொன்பது மாதம் இருந்தான். போன மே மாதம் இறந்துவிட்டான். வீடியோ காலில் தவமலர் சொன்னபோது ஹம்சா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான்தான் கஞ்சி வைத்துக்கொடுத்தேன். ஹம்சாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லுங்கள். அவள் உங்களைத்தான் நம்பமாட்டாள்.

இப்போது பாருங்கள், கணவனைத் தகனம் செய்து நாலு மாதம் ஆகவில்லை, அவள் எங்களுக்குக் கடிதம் எழுதுகிறாள், பாடத்திட்ட நகல் எல்லாம் இணைத்து, ‘தவறு நேர்ந்திருக்கலாம்’ என்று. யாரையும் குறை சொல்லவில்லை. ‘பத்ரி அண்ணைக்கும் ஹம்சா அக்காவுக்கும் என் அன்பைச் சொல்லவும்’ என்று கடைசியில் ஒரு வரி. இவ்வளவு படித்தவளுக்கு யார் செய்திருப்பார்கள் என்று ஊகிக்கத் தெரியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் தரத்தைப் பற்றி நான் சொன்னது இதைத்தான்.

கோபமா என்று கேட்கிறீர்கள். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. யார் எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ அந்த இடத்தில் வைப்பது என் வேலை.

நீங்கள் ஒரு ஃபைலைத்தான் கொண்டுவந்திருக்கிறீர்கள். இந்த மூன்று வருடத்தில் அதே பட்டத்தோடு வந்த எல்லா ஃபைலிலும் அதே குறிப்புத்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. சுஹாஸைக் கேட்டால் தேடி எடுத்துத் தருவான். பதினேழு பேர். சான் ஹோசேயில் ஒரு தம்பதி இருக்கிறார்கள், இரண்டு பேருமே அங்கே படித்தவர்கள். சுகர் லேண்டில் எண்ணெய்க் கம்பெனியில் இருந்த ஒருவர் மூன்று முறை ஃபோன் செய்தார், கெஞ்சினார். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. மற்றவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது.

தவமலர் விமானம் ஏறிய பிறகாவது ஏன் திருத்தவில்லை என்று கேட்கிறீர்கள். திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். குறிப்பைத் திறந்தும் வைத்தேன். ஆனால் அப்படித் திருத்தியிருந்தால், அவள் ஒருத்தியைப் பழிவாங்கத்தான் மாற்றினேன் என்று ஆகியிருக்கும். நான் ஆள் பார்த்து எழுதுகிறவன் இல்லை, அனன்யா. எல்லோருக்கும் ஒரே அளவாகத்தான் வைத்தேன்.