கிட்டுசாமிக்கு ரெண்டாவது காரியம்

– இறங்க மாட்டேன் அக்கா. நீ என்ன வேணா சொல்லு, இந்த ஆளுக்கு நான் எள்ளும் தண்ணியும் விடறதா இல்ல.

– முகுந்த், சாஸ்திரிகள் பேஸ்மென்ட்ல எல்லாத்தையும் எடுத்து வெச்சுண்டு காத்துண்டிருக்கார்டா. அந்தக் கோடி சான் ரமோன்லேர்ந்து இந்தக் கோடி பிரிட்ஜ்வாட்டர் வரைக்கும் பறந்து வந்துட்டு, அவராத்து ட்ரைவ்வேல கார்ல உக்காந்துண்டு அடம் பிடிக்கறே.

– நீ வான்னு சொன்னே, டிக்கெட் போட்டேன். ஃப்ளைட்லதான் நீ அனுப்பின ஃபைலை முழுசாப் படிச்சேன்.

– அதுல என்ன இருக்கு? நம்ம கொள்ளுத்தாத்தா கிட்டுசாமி ஆஸ்திரேலியாவுல செத்துப்போனார், அங்கேயே புதைச்சுட்டா. இன்னிக்கு அந்தத் திதி.

– அவ்ளோதானா? செத்தது 1931-ல. நம்மாத்துல, கப்பலேறிப் போனவர்கிட்டேர்ந்து பன்னெண்டு வருஷமா ஒரு கடுதாசி இல்லேன்னு, 1912-லயே தர்ப்பையில பொம்மை பண்ணி எரிச்சுக் காரியத்தை முடிச்சாச்சு. அப்பறமும் மனுஷன் அங்க கரும்பு மில்லுல ஜம்முனு இருந்திருக்கார்.

– கேளேன், அதுக்குத்தானே உன்னை வரச்சொன்னேன். உயிரோட இருந்தவருக்குப் பண்ணிட்டா. நெஜமாப் போனப்பறம் ஒருத்தரும் ஒரு சொட்டு ஜலம் விடல. பொம்மனாட்டி நான் பண்ணப்படாதுங்கறா. பண்றதுக்கு வம்சத்துல நீ ஒருத்தன்தான்.

– சரி, அது லாஜிக். டெத் சர்டிஃபிகேட்ல ரெண்டாவது பக்கம் பாத்தியா?

– பாத்தேன்.

– மனைவி தர்மாம்பாள், இறந்துவிட்டார்னு போட்டிருக்கு. கொள்ளுப்பாட்டி போறப்போ எனக்கு ஏழு வயசு. நானே அவ மடியில படுத்துத் தூங்கியிருக்கேன்.

– க்ளார்க் யாராவது தப்பா எழுதியிருப்பான்.

– அவர் அப்பா பேரு கரெக்ட். சொந்த ஊரு வலங்கைமான், கரெக்ட். ஒரு பையன் இருக்கான்னு போட்டிருக்கு, அதுவும் கரெக்ட். பொண்டாட்டி விஷயத்துல மட்டும் க்ளார்க்குக்குக் கண்ணு தெரியலியா? லாஜிக் இடிக்கறது.

– தூரதேசம். யார் சொல்லி எழுதினாளோ.

– கூட வேலை பாத்தவன் சொல்லி எழுதியிருக்கு. அவன்கிட்ட இவர் அப்படிச் சொல்லியிருக்கணும். உயிரோட இருக்கறவளைச் செத்துட்டான்னு ஒருத்தன் எதுக்குச் சொல்வான்? இன்னொருத்தியைக் கட்டிக்கத்தான்.

– ரெண்டாம் கல்யாணம்னு அதுல எங்கயாவது இருக்கா?

– இல்ல.

– அப்பறம் என்ன? புதைச்ச எடத்துல ஒரு கல்லுகூடக் கிடையாதாம்டா. யாருமில்லாமப் போயிருக்கார் பாவம்.

– பேச்சை மாத்தாதே. ஒன் மினிட், இன்னொண்ணு இருக்கு. அங்க ரெகார்ட்ஸ் தேடிக் குடுத்த லேடிக்கு நீ போட்ட ஈமெயில். 1914-ல அவர் இந்தியா வந்துட்டுப் போனாரான்னு பாருங்கோன்னு கேட்டிருக்கே.

– குத்துமதிப்பாக் கேட்டேன்.

– பதிமூணு இல்ல, பதினஞ்சு இல்ல, கரெக்டா பதினாலு. அந்தம்மாவும் எடுத்துக் குடுத்துட்டா. போயிட்டு வந்தா திரும்பி உள்ள விடறதுக்கு அந்த கவர்மென்ட் குடுத்த பேப்பர், உள்ளங்கை அச்சோட. கப்பலேறி வந்திருக்கார், சில மாசத்துலயே திரும்பிப் போயிருக்கார்.

– சரி, வந்திருக்கார். இப்போ இறங்கு.

– அக்கா, நீ என்கிட்ட எதையோ மறைக்கறே.

– மணி ஆறதுடா. அப்பறம் பேசிக்கலாம்.

– பேசிட்டே போகலாம். அவ்ளோ தூரம் வந்த மனுஷன் ஆத்துக்கு வரல. இங்க அவர் போயிட்டார்னு சொல்லி, முப்பது வயசுகூட ஆகாதவளைத் தலையை மழிச்சு மூலையில உக்கார வெச்சிருக்கா. ஒரு எட்டு வந்து பாத்திருந்தா என்ன?

– பாத்திருந்தா? காரியம் பண்ணி முடிச்சப்பறம் அவரே வாசல்ல வந்து நின்னா, வாங்கோன்னு எலை போடுவாளா? அறுத்த தாலியைத் திரும்பக் கட்டச் சொல்லுவாளா?

– அது அவா கவலை. இவர் வரணுமா இல்லியா? வராம எங்கயோ சுத்திட்டு, திரும்பிப் போய்ப் பொண்டாட்டி செத்துட்டான்னு புளுகியிருக்கார். அன்னிக்கு எரிச்ச பொம்மையே இவருக்கு ஜாஸ்தி. வண்டியை எடு, ஏர்போர்ட் போலாம்.

– அவர் புளுகல முகுந்த்.

– உனக்கு எப்படித் தெரியும்?

– கொள்ளுப்பாட்டியே கடைசியாப் படுத்திருந்தப்போ சொன்னா. அப்பாவைக் கூப்பிட்டேன், ஜுரத்துல உளறறான்னுட்டார். உளறலா நெஜமான்னு எனக்கும் தெரியல. அதுக்குத்தான் அந்த லேடியைத் தேடச் சொன்னேன். மொதல் யுத்தம் ஆரம்பிச்ச வருஷம்னு பாட்டி சொல்லியிருந்தா.

– என்ன நடந்ததாம்?

– அவர் வந்தாராம். நம்மாத்து வாசலுக்கே.

– வந்தாரா? யாரு வெரட்டிவிட்டா? அவரோட அண்ணாவா?

– அண்ணா, மன்னி, யாருமே ஆத்துல இல்ல. எல்லாரும் தேர் பாக்கப் போயிருந்தா. தாத்தா பாடசாலையில படிச்சிண்டிருந்தார். எதிர்ல வரப்படாதுன்னு இவளை மட்டும் விட்டுட்டுப் போயிருந்தா.

– அப்போ கதவைத் தொறந்தது பாட்டியா?

– பாட்டிதான். பாத்த உடனே அவளுக்குத் தெரிஞ்சுடுத்து. நார்மடிப் புடவையும் மழிச்ச தலையுமா நிக்கறவளை அவருக்குத் தெரியல. தர்மாம்பா இருக்காளான்னு அவகிட்டயே கேட்டாராம். அவ போய் ரெண்டு வருஷமாச்சுன்னு பாட்டியே சொல்லி அனுப்பிட்டா.