யாரும் எழக் கூடாது

கொல்லிமலை பஸ்ஸில் எனக்கு ஒரு நாளும் வாந்தி வந்ததில்லை. எழுபது வளைவுகளையும் வாரம் இரண்டு தடவை இறங்கி ஏறினேன், ஐயா. செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல்லில் என் மனைவி விமலாவுக்கு ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. இடமாற்றம் கேட்டு நான்கு மனு எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. பைத்தியம் பிடிக்காத குறைதான். நான் போகாவிட்டால் அவள் செத்துவிடுவாள், அவ்வளவுதான் விஷயம்.

மலைமேல் எடப்புளி நாட்டில் என்னுடையது ஓராசிரியர் பள்ளி. 2005இல் ஒரு தொண்டு நிறுவனம் கணினி தந்தது. திரையில் இரட்டைச் சடை போட்ட பொம்மைப் பெண் வாயசைத்துப் பாடம் நடத்துவாள். நாம் தட்டச்சு செய்து வைப்பதையும் அவளே பேசுவாள். ஏற்ற இறக்கமில்லாத குரல், கோபமே வராது. பிள்ளைகள் அவளைப் பொட்டியக்கா என்பார்கள். என்னைவிட அவளுக்குத்தான் மரியாதை. வெளியே போகக்கூட அவளிடம் கேட்பார்கள்.

அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. அந்த இரண்டு நாளுக்கும் பள்ளிச் சாவியை ஐந்தாம் வகுப்பு ராதிகாவிடம் கொடுத்தேன். காலையில் திறந்து சுவிட்சைப் போடுவாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொட்டியக்கா சொல்லும்படி இரண்டு வரி அடித்து வைத்தேன்: "யாரும் எழக் கூடாது. சார் இதோ வருகிறார்." சத்துணவுக்கு மட்டும் பொட்டியக்காவே மணியடித்து அனுப்புவாள். ஒரு பிள்ளையும் காட்டுப்பக்கம் போய் விழுந்துவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். கதவை நான் பூட்டவில்லை, அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, சாப்பிட்டு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், சுவரோரம் இருந்த இரண்டாம் வகுப்புக் கண்ணாயியின் காலில் பாம்பு கடித்தது. ராதிகா எழுந்து முறைப்படி பொட்டியக்காவிடம் கேட்டிருக்கிறாள்: "அக்கா, கண்ணாயியப் பாம்பு கடிச்சிருச்சுங்க. அவிங்க அய்யனக் கூட்டியாரட்டுங்களா?"

சொல்ல வேண்டியதை அது சொன்னது. ராதிகா உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றரைக்கு நான் உள்ளே நுழைந்தபோது இருபத்திரண்டு பேரும் வரிசை கலையாமல் இருந்தார்கள். கண்ணாயி பக்கத்துப் பிள்ளையின் மடியில் கிடந்தாள். இமை பாதி மூடியிருந்தது, மூச்சு இருந்தது.

"சார், யாருமே எந்திரிக்கலீங்க" என்றாள் ராதிகா. பாராட்டுவேன் என்று நினைத்தாள்.

எனக்கு விமலாவின் முகம்தான் வந்தது. வேலை போனால், நான் உள்ளே போனால், அடுத்த செவ்வாய் அவளை யார் கூட்டிப் போவது? அந்தப் பயத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? போன மாதம் விமலா இறந்துவிட்டாள். அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

விசாரணையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி சொன்னது எப்படி என்று கேட்டீர்கள். நான் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். பொட்டியக்கா சொன்னால் மறக்கமாட்டார்கள். அதனால் கணினி முன்னால் உட்கார்ந்து புதிய பாடம் அடித்தேன். எனக்குத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும், கால் மணி நேரம் பிடித்தது. அதன் பிறகுதான் கண்ணாயியைத் தூக்கிக்கொண்டு செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியிலேயே முடிந்துவிட்டது.

பாடம் இதுதான்: "மூன்றரை மணிக்குப் பாம்பு கடித்தது. சார் உடனே தூக்கிக்கொண்டு ஓடினார்." மூன்று முறை எல்லோரையும் சொல்ல வைத்தேன். மூன்றாம் முறை கண்ணாயியின் உதடும் சேர்ந்து அசைந்தது.