எர்லீன் சுட்ட கேக்

— இந்தக் கேக்கை நானே திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன், ஓசெல்லா.

— அங்கயே வைண்ணே. நம்ம சபை சிஸ்டர் எர்லீன் விடியக்காலையில எந்திரிச்சு சுட்டது.

— மேல என்ன எழுதியிருக்கா பாத்தியா? 'சுகம் தந்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.' சுகமாம் சுகம். நேத்து பர்மிங்காம்ல டாக்டர் என்ன சொன்னாரு? கேன்சர் ஈரலுக்கும் பரவிருச்சு, திங்கக்கிழமை மறுபடி மருந்து ஏத்தணும்னாரு.

— நானும் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்.

— உக்காந்திருந்த. கண்ணுல ஒரு சொட்டு இல்ல. நாந்தான் மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தேன்.

— என் கைக்குட்டையில.

— விளையாடாத புள்ள. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு உனக்காக விருந்து. கோழி வறுக்கறாங்க, சோளரொட்டி சுடறாங்க, பாஸ்டர் பக்கத்து சபையையும் கூப்பிட்டுட்டாரு. போன ஞாயித்துக்கிழமை சபையில எந்திரிச்சு நின்னு நீ சாட்சி சொன்னதுக்குத்தான் இத்தனை அமர்க்களம். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்ப?

— இதே மூஞ்சிதான். மருந்துல புருவம் உதிர்ந்துபோன மூஞ்சி.

— உன் கர்த்தரு என்னை ஏமாத்தினது பத்தாதா? என் பொண்டாட்டி டெல்லா பொழைக்கணும்னு நாப்பது நாள் உபவாசம் இருந்தேன். நாப்பத்தியோராவது நாள் அவளைப் பொட்டியில வெச்சாங்க. அன்னையிலேருந்து உன்னை சபை வாசல்ல எறக்கிவிடறதோட சரி, டிரக்கை விட்டு நான் எறங்கறதில்ல. இப்ப உன்னையும் ஏமாத்திட்டாரு.

— நான் என்ன சாட்சி சொன்னேன்னு உனக்குத் தெரியுமா?

— ஊரே கைதட்டினது டிரக் வரைக்கும் கேட்டுச்சே.

— தட்டினதுதான் கேட்டுச்சு. 'வலியிலயும் என்னைப் பாட வைக்கிற கர்த்தருக்கு நன்றி'ன்னேன். அவ்வளவுதான். சுகமாயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. எர்லீன் அல்லேலூயான்னு குதிச்சா, பின்னாலயே அத்தனை பேரும் எந்திரிச்சுட்டாங்க. நம்ம சபையில ஒருத்தர் எந்திரிச்சுட்டா அப்புறம் யாரு காதுல என்ன விழுது?

— அப்பவே திருத்தியிருக்கலாமில்ல?

— மூச்சு வாங்குச்சு, உக்காந்துட்டேன். நாளைக்குத் திருத்தறேன். கேக்கை முன்னால வெச்சுக்கிட்டே சொல்லப் போறேன். வியாதி பரவியிருக்கு, ஆனாலும் ஸ்தோத்திரம்னு. எந்திரிச்சு நிக்க ஒரு கை வேணும்ணே. டிரக்குல இருக்கற கை எட்டாது.

— அதுக்குத்தான் எனக்குப் பயமே. போன வாரம் நல்லாயிடுவோம்னு நம்பிக்கிட்டிருந்த, வாயில நன்றி வந்துச்சு. தெரியாம நன்றி சொல்றது சுலபம் புள்ள. இப்ப எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு அத்தனை பேரு முன்னால வாயைத் திறந்து, ஸ்தோத்திரம் வராம நீ நின்னா, பக்கத்துல நின்னு அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

— அண்ணே, ரிப்போர்ட் நேத்து வரல. அதுக்கு ஒரு வாரம் முன்னாலயே, முந்துன வெள்ளிக்கிழமை என் போனுக்கு வந்துருச்சு. நீ ஒரு வாரமாவது நிம்மதியா தூங்கட்டும்னு சொல்லல. அதைப் படிச்சுட்டுத்தான் போன ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்ல எந்திரிச்சு நின்னேன்.