மலையில் இன்னொரு தடம்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். எனக்கு அருகில் ஐம்பதைக் கடந்த ஒரு கணவனும் மனைவியும். தடித்த டயர் போட்ட சைக்கிளோடு வந்த வெளியூர் இளைஞர் ஒருவர் எதிரே தெரிந்த மலையைக் காட்டி அவர்களிடம் கேட்டார்.

"அண்ணா, இந்த மலையில சைக்கிள்ல போற மாதிரி மண் பாதை ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் கெடையாதுங்க தம்பி. அந்தப் பக்கம் போவோணும்னா ரோட்டுல சுத்தித்தான் போவோணும்," என்றார் கணவர்.

"இருக்குது தம்பி," என்றார் மனைவி. "அடிவாரத்துக் கோயிலுக்குப் பின்னால ஒரு தடம் ஏறுது. அதுலயே போனா அந்தப் பக்கம் எங்கம்மா ஊட்டு வெள்ளாமைக் காட்டுல எறங்கலாம்."

கணவர் திரும்பிப் பார்த்தார். "அது உனக்கெப்படித் தெரியும்?"

"கல்யாணமான புதுசுல சண்டை போட்டுட்டுப் போனனே, அன்னைக்கு அதுலதான் போனேன்."

"நான் கடைசி பஸ் வரைக்கும் இந்த ஸ்டாப்புலயே உன்னயத் தேடிட்டு நின்னனே!"

"தேடுனீங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

இளைஞர் நன்றி சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் சைக்கிளைத் திருப்பினார். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"காட்டுக்குள்ள தனியாப் போனியே, பயமா இல்லியா?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

"இருந்துச்சுங்க. பாதித் தடத்துல ஒரு மரத்தடியில உக்காந்துட்டேன். எப்படியும் பின்னாலயே வருவீங்கன்னு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன்."